செஞ்சியில் வெயில் பிடித்த புடவை

1966 மே 19, வியாழக்கிழமை. எழும்பூரில் காலை வண்டியைப் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கியபோது நடைமேடையில் நிழல் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. பராபவ ஆண்டு வைகாசி பிறந்துவிட்டது. கத்திரி இன்னும் முடியவில்லை. இந்த நாட்களில் செஞ்சிக்குப் போகிறேன் என்று விடுப்புக் கேட்டபோது அலுவலகத்தில் சிரித்தார்கள். பாறையைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊருக்கு மார்கழியில் போவதுதான் புத்தி என்றார் பக்கத்து மேஜைக்காரர். நான் போவதே வெயிலைப் பார்க்கத்தான் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் நான் குடியிருக்கும் வளவில் அருளப்பன் என்பவர் தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே அதை ஃபெர்ரோ என்கிறார்கள். கண்ணாடித்தாளில் வரைந்த படத்தை மருந்து பூசிய தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடமெல்லாம் நீலமாகவும் கோடுகள் வெள்ளையாகவும் நிற்கும். அச்சுக்கூடமும் வேண்டாம், மையும் வேண்டாம். இதை அவர் மனைவி ஸ்டெல்லா செஞ்சியில் தன் வீட்டிலேயே துணியின்மேல் செய்கிறாள் என்று அருளப்பன் சொன்னபோது நான் முதலில் நம்பவில்லை.

"வந்து பாருங்க சார். திங்கக்கெழம எங்க தங்கச்சிக்குக் கல்யாணம். நாலு நாள் முன்னாடியே வந்துட்டீங்கன்னா வெயிலு புடிக்கறதையும் பாக்கலாம்" என்றார். போட்டோ பிடிப்பதுபோல வெயில் பிடிப்பது. அந்தச் சொல்லுக்காகவே போகலாம் என்று தோன்றியது. அவர் எனக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார்.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி பதினேழு மைல். பேருந்துக் கட்டணம் எழுபத்தைந்து காசு. என் கையிலிருந்த குடையையும் பையையும் பார்த்துவிட்டு நடத்துநர் கேட்டார்: "கோட்ட பாக்கவா?"

"இல்லை, ஒரு கல்யாணத்துக்கு."

"அப்ப சரி. கல்யாணம்னா எரிஞ்சாலும் போய்த்தான் ஆவணும்" என்று சீட்டைக் கிழித்தார்.

ஊர் நெருங்கும்போது சாலையின் இரு பக்கமும் கரடுகள் எழுகின்றன. அவற்றை மலை என்று சொல்லக் கூச்சமாயிருக்கிறது. ஒவ்வொன்றும் உருண்டைக் கற்களைக் கொட்டிக் குவித்த அம்பாரம். ஒரு கல் இன்னொரு கல்லின் நுனியில் நிற்கிறது. இப்போது விழும், இப்போது விழும் என்று பார்த்துக்கொண்டே போகிறோம். எத்தனையோ ஆட்சிகள் விழுந்தன. அந்தக் கற்கள் மட்டும் விழவில்லை. ராஜகிரியின் உச்சி தெரிந்ததும் பேருந்தில் எல்லோரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சுக்குத் திரும்பினார்கள். தினமும் பார்க்கிறவர்களும் ஒரு தரமாவது பார்க்கத்தான் செய்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணி. அருளப்பனின் வீடு கோட்டைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. ஓட்டுவீடு. வாசலை ஒட்டி ஒரு தையல் இயந்திரம். பின்கட்டில், வீட்டைவிடப் பெரிய பாறை ஒன்று. அதன் தலை மொட்டைமாடி மாதிரி தட்டையாக இருக்கிறது. வீட்டைக் கட்டிவிட்டுப் பாறையைக் கொண்டுவந்து வைத்தார்களோ என்று நினைக்கும்படியான நெருக்கம்.

ஸ்டெல்லாவுக்கு முப்பது வயதிருக்கும். வாய்க்குள் இரண்டு குண்டூசிகளை வைத்துக்கொண்டே, "வாங்கண்ணா, ஒக்காருங்க" என்றாள். கொடியில் சட்டைகளும் குழந்தைக் கவுன்களும் தலையணை உறைகளும் தொங்கின. எல்லாம் நல்ல ஆழ்ந்த நீலம். அவற்றில் வேப்பங்கொத்து, புளியிலை, கோழி இறகு, ஒரு சட்டையின் பையில் திறந்த கத்தரிக்கோல் ஒன்று, எல்லாம் வெள்ளை நிழலாகப் பதிந்திருந்தன. நிழலைக் கறுப்பாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெள்ளை நிழல் கொஞ்ச நேரம் பிடிபடுவதில்லை.

இது தொடங்கிய விதத்தை அவளே சொன்னாள். மூன்று வருடங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்த கணவரின் பையில் மருந்து சிந்திய சட்டை ஒன்று சுருட்டிக் கிடந்திருக்கிறது. அதைக் கொண்டுபோய்ப் பாறையின்மேல் போட்டிருக்கிறாள். அதன்மேல் ஒரு முருங்கைக் கொத்து விழுந்து கிடந்திருக்கிறது. சாயங்காலம் அலசினால் சட்டை முதுகில் முருங்கைக் கொத்து.

"பேயி வந்து எழுதிட்டுப் போச்சின்னு பக்கத்து ஊட்ல எல்லாம் ஓடியாந்து பாத்தாங்க. இவரு மட்டும் ஒரு ஆளு ஒக்காந்து சிரிச்சிக்கினு இருந்தாரு. அப்பதான் எனக்குத் தெரியும், எங்க ஊட்டுக்காரருக்கும் எதுவோ தெரியும்னு."

"பாத்தீங்களா சார்? பத்து வருசமா சோறு போடற வேலையில எனக்குக் கெடைச்ச மரியாத" என்றார் அருளப்பன். அன்றிலிருந்து பட்டணத்து மருந்துக்கடையில் காசு கொடுத்து மருந்து வாங்கிவருவது அவர் பொறுப்பு. துணியும் இலையும் வெயிலும் ஸ்டெல்லாவுடையவை.

ஸ்டெல்லாவுடன் வேலை செய்யும் இன்னொருத்தி அருளப்பனின் தங்கை தெரேசா. அவள்தான் மணப்பெண். சாப்பிடும்போது அவளுடைய விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளை வீடு தெற்கே அனந்தபுரத்தில். நிலபுலம் உள்ள வேளாண் குடும்பம். இங்குள்ள கத்தோலிக்கக் குடும்பங்களில், பெண் கோயிலுக்குள் நுழையும்போது தாய்வீட்டுப் புடவை கட்டியிருப்பாள். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் மந்திரப்புடவையைச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த பிறகு அதை மாற்றிக்கொள்வாள். தாய்வீட்டுப் புடவையைத் தானே வெயில் பிடித்துக் கட்டிக்கொள்ளப்போவதாகத் தெரேசா நிச்சயதார்த்தத்தன்றே சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகும் இந்த வேலையைச் செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையின் தாயார் கொடுத்த பதிலைத் தெரேசா அப்படியே நடித்துக் காட்டினாள், இடுப்பில் கைவைத்து:

"'கல்யாணத்தன்னிக்கி கட்டிக்கினு வா, பாக்கறேன். நல்லா இருந்துச்சின்னா எங்க ஊட்லயும் பண்ணிக்க. இல்லாட்டி இதெல்லாம் இங்கயே வுட்டுட்டு வந்துடு. ஏரு ஓட்டற ஊட்டுக்கு வெளையாட்டு ஆவாது.' அவ்ளோதாண்ணா. பரீட்ச."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தாளே தவிர உண்ணவில்லை.

மே 20, வெள்ளி. காலை ஏழு மணிக்கே உள்ளறைச் சன்னலில் சாக்குப்பை அடைத்து, கதவிடுக்கில் துணி சொருகி, ஓட்டுச் சந்துகளைக்கூட வைக்கோலால் மூடிவிட்டார்கள். சிம்னி விளக்கு ஒன்று மட்டும். விளக்கு வெளிச்சத்தை இந்த மருந்து கண்டுகொள்வதில்லை. வெயில்தான் அதற்கு எஜமான். ஒரு மருந்து செம்மணிக் கற்கள். மற்றது பச்சைத் தகடுகள். தனித்தனியே கரைத்து, பூசுகிற நேரத்தில்தான் கலக்கிறார்கள். மருந்துப் பாத்திரங்களின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. அவை அடுப்பங்கரைக்குள் போகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

புடவை முழுவதும் பூச மருந்து போதாது. வெள்ளை மல் புடவையின் முந்தானைக்கு மட்டும் பூசினாள் ஸ்டெல்லா. இரு கரைகளிலும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பூசிய இடம் வெளிறிய பச்சையாக இருந்தது. அங்கேயே கொடியில் காயவிட்டார்கள். அதற்குள் அருளப்பன் நாற்காலியில் ஏறிச் சுவரிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக இறக்கிச் சட்டத்தைப் பிரித்துக் கண்ணாடிகளை உருவினார். இலைகளைத் துணியோடு ஒட்டி அழுத்த இந்த வீட்டில் இருக்கும் கண்ணாடிகள் அவைதாம்.

"திரு இருதய ஆண்டவரும் கொஞ்ச நேரம் காத்தாட இருக்கட்டும் சார், இந்த வெயில்ல" என்றார்.

எந்த இலை வைப்பது என்பதில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் வாக்குவாதம். தெரேசா முருங்கை வேண்டும் என்றாள்.

"முருங்க வெச்சினு போனா ஒங்க மாமியாரு முந்தானையோட உருவிக் கூட்டு வெச்சிடுவா. வாணாம்."

"வெக்கட்டும். நான் சாப்டறேன்."

கடைசியில் ராஜகிரி அடிவாரத்துப் புதர்களிலிருந்து தெரேசாவே பறித்துவந்த குன்றிமணிக் கொடி வென்றது. குன்றிமணியின் இலை ஒவ்வொன்றும் ஒரு சின்ன இறகு. முந்தானையின் ஓரத்தில் ஒரு வரிசை தும்பைப்பூ.

பத்தரை மணிக்குப் போர்வையால் மூடிப் புடவையைப் பாறைமேல் கொண்டுபோனார்கள். மருந்து பூசிய கரைகள் அப்படியே வெயிலுக்கு விடப்பட்டன. முந்தானையில் கொடிகளைப் பரப்பிக் கண்ணாடிகளை வைத்தாள் தெரேசா. ஒரு தரம் காற்று வந்து ஓரத்துக் கொடி ஒன்றைக் கண்ணாடிக்கு முன்பே அசைத்துவிட்டது. "இருக்கட்டும் அண்ணி, அது ஆடிக்கினு இருக்கற கொடி" என்றாள். பச்சை சாம்பலானது. சாம்பல் வெண்கலமானது. கால் வைக்க முடியாத அந்தப் பாறையில் மூவரும் ஈரச்சாக்கின்மேல் குந்தி, பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போதும்" என்று ஸ்டெல்லா சொன்ன கணத்தில் புடவை அண்டாத் தண்ணீருக்குள் போனது. இரண்டாம் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். அப்போது எழுந்தது பாருங்கள் நீலம்! அண்டாவுக்குள் யாரோ மாலை வானத்தை மடித்து வைத்ததுபோல. அதில் குன்றிமணி இலைகள் வெள்ளை வெளேரென்று.

தெரேசா புடவையைப் பிழியாமல் அப்படியே இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றாள்; தண்ணீர் அவள் முழங்கையில் வழிந்துகொண்டிருந்தது. மிஞ்சிய மருந்தில் எனக்கு ஒரு கைக்குட்டையும் பிடித்துக் கொடுத்தார்கள். அதில் முருங்கை.

மே 21, சனி. விடிந்ததும், கல்யாணத்துக்கு வேண்டிய துணிகளையெல்லாம் மூட்டை கட்டி அருளப்பன் சலவைக்குக் கொண்டுபோனார். பல வருடங்களாக இந்த வீட்டுத் துணியை வெளுப்பவர் பொன்னம்மா. ஆற்றங்கரையில் அவருடைய துறை; துணி கொடுப்பதும் வாங்குவதும் அங்கேதான். நீலத் துணிகளை மட்டும் ஸ்டெல்லா வீட்டிலேயே அலசிக்கொள்வாள். நானும் கூடப் போனேன். அருளப்பன் புடவையை மூட்டையின் மேலே வைத்து, "கல்யாணப் பொடவ. கஞ்சி போட்டுத் தேச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, பந்தல்காரரைப் பார்க்க ஓடினார். நான் அங்கிருந்தே கோட்டைக்கு நடந்தேன்.

அன்று பகல் முழுவதும் ராஜகிரியில் கழிந்தது. களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் பார்த்தேன். ஏறிய படிகளை எண்ணவில்லை. அடிவாரத்தில் மோர் விற்ற பெண் ஒரு குவளைக்குப் பத்துக் காசு வாங்கிக்கொண்டு, "இந்த வெயில்ல மேல ஏறனியா? வூட்ல சண்டையா?" என்று கேட்டாள். கோட்டைகளைப் பற்றிப் படித்தவற்றை நினைவில் அடுக்கிக்கொண்டு போன எனக்கு, உச்சியில் நின்றபோது அந்த அடுக்கிலிருந்து ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கீழே புள்ளிபோல் தெரிந்த தட்டைப் பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு கல்லும் இவ்வளவு வெயிலும் ஓர் ஊருக்கு எதற்கு என்று ஒரு நாள் முன்பு கேட்டிருப்பேன். இப்போது ஒவ்வொரு பாறையிலும் ஒரு புடவையை விரித்துப் பார்த்தேன்.

மே 22, ஞாயிறு. கோயிலில் பூசை இப்போது லத்தீனில் இல்லை, தமிழில் நடக்கிறது. அது முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பொன்னம்மா தலையில் மூட்டையோடு வந்தார். முகத்தில் அப்படியொரு பூரிப்பு. மூட்டையை இறக்கியதும் ஸ்டெல்லாவின் பக்கம் திரும்பினார்.

"ஒங்கள நல்லா நாலு வார்த்த கேக்கணும்னுதான் வந்தேன், ஸ்டெல்லாம்மா. நீலம் போடத் தெரியலன்னா என்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா? மரத்தடியில காயப் போட்டு, எல எலையாத் திட்டு வுட்டு... ஐயே! பொண்ணு மானமே போயிருக்கும். நல்ல வேளைக்கு என் கைக்கு வந்துச்சி. யாருக்கும் காட்டல. உவரு மண்ணுல ஊற வெச்சி, வெள்ளாவியில தனியா ஒரு பான வெச்சி எடுத்துட்டேன். பாரு, மல்லிப்பூ கணக்கா!"

வெள்ளைத் துணியை வெளுத்தபின் சிட்டிகை நீலம் கரைத்த தண்ணீரில் முக்குவது எல்லோரும் அறிந்தது. அது ஒரே சீராகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நின்றால், சலவைக்காரருக்கு அதைவிட அவமானம் வேறில்லை. வெள்ளைப் புடவையில் நீலத்தையும் அதற்குள் இலை நிழல்களையும் பார்த்த பொன்னம்மாவுக்குத் தோன்றியது அதுதான். உவர்மண்ணின் காரத்தில் ஃபெர்ரோ நீலம் நிற்காது. வெள்ளாவியின் ஆவி மிச்சத்தையும் முடித்துவிட்டது.

ஸ்டெல்லா புடவையைப் பிரித்தாள். முந்தானையில் பழுத்த இலையின் மஞ்சள். உற்றுப் பார்த்தால் மட்டும் அதில் குன்றிமணிக் கொடி இருந்த இடம் தெரிந்தது, அழித்த கோலம்போல.

எல்லோரும் அந்த முந்தானையையே குனிந்து பார்த்தோம். அந்தப் பார்வையைப் பொன்னம்மா முதலில் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். பிறகு கொடியில் தொங்கிய நீலச் சட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இலை. வாசலிலிருந்து பின்கட்டுவரை ஒரு தரம் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ. அது வேணும்னு போட்டதா?"

தெரேசா அண்ணன் பக்கம் திரும்பினாள். "வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சினு இருந்த? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?"

"கஞ்சின்னுதானே சொன்னேன்..."

"கல்யாணப் பொடவன்னு சொன்னியே! அவுங்க வெறும் கஞ்சியோட வுடுவாங்களா? ஆசையா செய்யமாட்டாங்க?" என்றவள் உள்ளே போய் மருந்துப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. பட்டணம் போய் வாங்கிவர நாளும் இல்லை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பூசை. கடைத்தெருவில் சாதா வெள்ளைப் புடவை ஒன்று வாங்கிவிடலாம் என்று அருளப்பன் மெதுவாகச் சொன்னார்.

"வாங்கு. கட்டிக்கினு போறேன். 'எங்க உன் வேல?'ன்னு அவுங்க கேட்டா இன்னா சொல்லட்டும்? வண்ணாந்தொறையில வுட்டுட்டு வந்தேன்னா?" என்றாள் தெரேசா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பொன்னம்மா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் தெரேசா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க அழுதீங்கன்னா நான் யார்கிட்ட கோவப்படறது?" என்று தானும் அழுதாள்.

அருளப்பன் எதற்கோ தலையைச் சொறிந்துகொண்டு, "நீலந்தான் போயிருக்கும் சார். மருந்துல இரும்பு இருக்குது. அந்த மஞ்ச, துருதான்" என்றார். இரும்பு என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பழைய காலத்து எழுத்துமை செய்கிற முறையைப் படித்திருக்கிறேன். கடுக்காய் ஊறவைத்த நீரில் இரும்புச்சத்து சேர்ந்தால் நிறம் எழும். சொன்னேன். ஸ்டெல்லா நிமிர்ந்தாள். ஆனால் புடவையைத் தொட விடவில்லை.

"முதல்ல வேற எதுலயாவது பாக்கணும். அண்ணா, அந்தக் கைக்குட்டைய எடுங்க."

முருங்கை போட்ட என் கைக்குட்டை இரண்டாகக் கிழிக்கப்பட்டது. சலவைச் சோடாவில் போட்டதும், கண்முன்னே அதன் நீலம் மஞ்சளாக வெளிறியது. புடவைக்கு நேர்ந்தது இதுதான் என்பது உறுதியாயிற்று. கடைத்தெருவில் கடுக்காய் வாங்கி வந்து இடித்து ஊறவைத்த நீரில் ஒரு பாதியைப் போட்டோம். நிறம் எழுந்தது. என் படிப்பு வீண்போகவில்லை என்று நிமிர்வதற்குள் அது கன்னங்கறேல் என்று ஆகிவிட்டது.

தெரேசா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "பெரிய வெள்ளிக்கி கட்டிக்கலாம்" என்றாள், கர்த்தரின் துக்கநாளைச் சொல்லி. அழுகைக்கு நடுவே வந்த அந்தச் சொல்லுக்கு எல்லோரும் சிரித்துவிட்டோம். கல்யாணப்பெண் கறுப்பு உடுத்த முடியாது என்பதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பொன்னம்மா தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். "எவ்ளோ கற எடுத்த கையி இது. ரத்தம் எடுத்திருக்கேன், வெத்தலச் சாறு எடுத்திருக்கேன். டீக்கடைக்காரன் துண்டு ஒண்ணுதான் எனக்கு எமன். அவன் துண்டக் கண்டாலே பத்திக்கினு வரும். அது மாதிரி இதுவும் போவாம நின்னிருக்கக் கூடாதா பாழாப்போனது..."

ஸ்டெல்லா கையிலிருந்த கறுப்புத் துணியைக் கீழே வைத்தாள். "அக்கா, திருப்பிச் சொல்லுங்க."

"இன்னாத்த?"

"டீக்கற."

கடுக்காயில் இருக்கும் துவர்ப்புத்தானே தேயிலையிலும் இருக்கிறது. இது ஸ்டெல்லாவின் நாக்கு சொன்ன கணக்கு. டிகாக்‌ஷன் கொதித்தது. கைக்குட்டையின் மறுபாதியை அதில் விட்டு, குச்சியால் புரட்டிக்கொண்டே இருந்தாள். மஞ்சள் மெல்லச் சிவந்தது; சிவப்பு ஆழ்ந்தது; புளியங்கொட்டையின் நிறத்துக்கு வந்ததும் எடுத்துத் தண்ணீரில் போட்டாள். முருங்கைக் கொத்து சந்தன நிறத்தில் தெளிந்து நின்றது. பொன்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், உவர்மண்ணைப் போட்டுக் கசக்கி, கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தார். திரும்பி வந்து விரித்துக் காட்டினார். நிறம் ஒரு சாயல் மங்கியிருந்தது; போகவில்லை.

"எனக்கே அடங்கல" என்றார். அதில் தோல்வியும் இருந்தது, பெருமையும் இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். முந்தானையை மட்டும் முக்கினால் டீ மேலே ஏறி வெள்ளை உடம்பில் ஒழுங்கில்லாமல் கறைபடும். முழுப்புடவையையும் முக்கினால் வெள்ளையே இருக்காது. அதற்கப்புறம் திரும்ப வழியில்லை. ஸ்டெல்லா தெரேசாவைப் பார்த்தாள். அருளப்பன் கடைத்தெருப் பக்கம் பார்த்தார். மாலை நான்கு மணி. கடை இன்னும் திறந்திருக்கும்.

தெரேசா கொஞ்ச நேரம் புடவையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தானே அண்டாவின் பக்கத்தில் கொண்டுபோனாள். "முழுசும் முக்கு அண்ணி" என்றாள்.

மே 23, திங்கள். கோயில் வாசலில் மேளம் முழங்க, தெரேசா வந்து இறங்கினாள். சந்தன நிறப் புடவை. இரு கரையிலும் புளியங்கொட்டைப் பட்டை. முந்தானை முழுவதும் அதே ஆழ்ந்த நிறத்தில் விரிந்து, அதற்குள் குன்றிமணிக் கொடிகள் உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் தெளிவாக நின்றன. காற்று அசைத்த அந்த ஓரத்துக் கொடி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. நீலத்தில் புடவை இதைவிட அழகாயிருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை பார்த்த நீலம் என் கண்ணில் இருந்ததால்தான் ஒப்பிட முடிந்தது. கூட்டத்தில் யாரும் ஒப்பிடவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

பூசை முடிந்து, மந்திரித்த புடவையை மாற்றிக்கொள்ளத் தெரேசா வெளியே வந்தபோது மாப்பிள்ளையின் தாயார் எதிரே வந்தார். உழைத்துக் காய்ந்த உறுதியான உடம்பு. கையில் மண் வேலையின் தழும்பு. அவர் முந்தானையை எடுத்து விரித்தார். அழகாயிருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. கட்டைவிரலை நாக்கில் நனைத்து, முந்தானையின் ஓரத்தைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். ஸ்டெல்லா என் பக்கத்தில் ஜெபமாலையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சாயம் போவுமா?"

"வெள்ளாவியில வெச்சி எடுத்த பொடவதான் அத்த" என்றாள் தெரேசா.

இதை முழு உண்மை என்று சான்று கொடுக்க என்னால் முடியாது; பொய் என்றும் சொல்ல முடியாது.

"புதுப் பொடவையையா? எந்தப் பைத்தியக்காரி வெச்சா?"

கூட்டத்தின் பின்னாலிருந்து பதில் வந்தது. "நான்தாம்மா அந்தப் பைத்தியக்காரி. கல்லுல அடிச்சும் பாத்துட்டேன். போவாது. நான் கேரண்டி."

மாப்பிள்ளையின் தாயார் பொன்னம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். துணி வெளுக்கிறவரே போகாது என்று சொல்லும் சாயத்துக்கு மேல் வேறு சாட்சி எதற்கு? முந்தானையைத் தெரேசாவின் தோளில் திருப்பிப் போட்டு, தானே மடிப்பைச் சரிசெய்தார்.

"எங்க ஊட்ல இந்த மாரி பாற கெடையாது. களம் இருக்குது, நல்ல வெயிலு அடிக்கும். தை மாசம் நெல்லு காயும், அப்ப மட்டும் எடம் கேக்காத."

தெரேசாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "தையில கேக்கமாட்டேன் அத்த, மாசி பொறந்ததும் கேக்கறேன்" என்றாள்.

மே 24, செவ்வாய். வந்த வழியே திரும்பாமல் விழுப்புரம் வழியாகப் போகத் தீர்மானித்தேன். வழியில் அனந்தபுரத்தைப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். பேருந்து அங்கே நின்றது சிறிது நேரமே. சாலையோரத்தில் சாணம் மெழுகிய களம் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. அது அவர்களுடையதுதானா என்று எனக்குத் தெரியாது. பக்கத்திலிருந்த பெரியவர், "இந்த வெயில்ல இன்னாத்த அப்படிப் பாக்கறீங்க?" என்றார். "வெயிலைத்தான்" என்றேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சைதாப்பேட்டையில் என் அறைக்குக் கிழக்குச் சன்னல் ஒன்று உண்டு. புத்தகங்களின் முதுகு வெளுத்துவிடும், பழைய தாள்கள் பழுத்துவிடும் என்று அதை நான் திறப்பதில்லை. இத்தனை வருடங்களாக வெயிலை, எழுதியதை அழிக்க வருகிறவனாக மட்டுமே அறிந்திருக்கிறேன். வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலையில் அந்தச் சன்னலைத் திறந்தேன். நெடுநாள் அடைத்துக் கிடந்த தாழ் சுலபத்தில் வரவில்லை. வந்ததும், எதிர்வீட்டு வேம்பின் நிழல் உள்ளே வந்து, நான் எழுத வைத்திருந்த வெள்ளைத்தாளின்மேல் இலை இலையாக விழுந்தது. அது நகர்ந்து போகும்வரை பேனாவைத் திறக்கவில்லை.